இலக்கு நோட்டில் எழுதியதும் அடித்து எழுதியதும்

2022 ஜனவரியில், ஈரோட்டில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, பெண்களுக்கான பருத்திக் குர்த்தித் தொழில் தொடங்குவதற்காக ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று இலக்குகளை எழுதினேன். ஓராண்டில் 25 லட்சம் ரூபாய் விற்பனை, இன்ஸ்டாகிராமில் பத்தாயிரம் பேர், இரண்டாம் ஆண்டில் சென்னையில் ஒரு கடை. ஆறு ஆண்டுகள் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரைத் தொடக்கம் முதல் கப்பலேற்றும் வரை கவனிப்பவளாக, வேலை பார்த்தவள் என்பதால், துணி, தையல், அளவு, கப்பலேற்றும் தேதி ஆகியவற்றைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த மூன்று இலக்குகளில் ஒன்றைக்கூட நான் அடையவில்லை. ஆனாலும் தொழில் இன்றும் நடக்கிறது. அவற்றை அடித்துவிட்டு எவற்றை எழுதினேன், ஏன் எழுதினேன் என்பதைத் தொடங்கவிருக்கும் யாருக்கேனும் பயன்படும் என்று நினைத்து இங்கே பதிகிறேன்.

ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்ப்பதற்கும் சொந்தமாக உடை தயாரித்து விற்பதற்கும் இடையிலுள்ள பெரிய வேறுபாட்டை நான் அப்போது உணரவில்லை. அங்கே ஆர்டர் முதலில் வரும். எந்த அளவில், எந்த நிறத்தில், எத்தனை பீஸ் என்பதெல்லாம் வெளிநாட்டில் வாங்குபவர் முடிவு செய்து அனுப்புவார். தைத்த உடை விற்குமா விற்காதா என்ற கவலை அவருடையது. சொந்தத் தொழிலில் அந்தக் கவலை முழுவதும் நம் அலமாரிக்கு வந்துவிடுகிறது. அப்படியிருந்தும் என் முதல் பக்கத்தில் விற்பனைத் தொகை இருந்ததே தவிர, விற்காமல் நின்றுவிடக்கூடிய சரக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கையில் இருந்த முதலீடு நான்கு லட்சம் ரூபாய். இரண்டரை லட்சம் சேமிப்பு, மீதி சீட்டு எடுத்த பணம். ஐம்பதாயிரத்துக்குப் பழைய பவர் மெஷின் இரண்டும் துணி ஓரம் அடிக்கும் ஓர் ஓவர்லாக்கும் வாங்கினேன். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 24 என்பதால், அவசரப்பட்டு மே மாதமே துணி எடுத்தேன். பஞ்சு விலை ஒரு கண்டிக்கு, அதாவது 356 கிலோவுக்கு, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியிருந்த மாதம் அது. நூல் விலை உயர்வைக் கண்டித்துத் திருப்பூரில் கடையடைப்பு நடந்ததும் அந்த மாதத்தில்தான். விலை இன்னும் ஏறும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். மீட்டர் 120 ரூபாய்க்கு 1,500 மீட்டர் எடுத்தேன். ஆண்டு இறுதிக்குள் பஞ்சு விலை இறங்கியபோது, எனக்குப் பின்னால் துணி எடுத்தவர்கள் என்னைவிடக் குறைந்த அடக்க விலையில் அதே சந்தையில் நின்றார்கள்.

12 டிசைன், ஒவ்வொன்றிலும் 2 நிறம், 5 அளவு, அளவுக்கு 5 பீஸ் என்று மொத்தம் 600 பீஸ் தைத்தேன். ஒரு குர்த்திக்கு இரண்டரை மீட்டர் துணி 300 ரூபாய், வெட்டும் தையலும் 120, பட்டன், லேஸ், லேபிள் 30, அயர்னிங்கும் பேக்கிங்கும் 20 என அடக்க விலை 470 ரூபாய் ஆனது. விற்பனை விலை 950. ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட ஆயத்த ஆடைக்கு அப்போது ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 12 சதவீதம் என்பதால் அந்த விலையைத் தேர்ந்தேன். செப்டம்பர் முதல் வாரத்தில் விற்பனையைத் தொடங்கினேன். தீபாவளி வரை 190 பீஸ் விற்றது. 2023 பொங்கலுக்குள் நேரடி விற்பனை 250 ஆனது; கோயம்புத்தூரில் ஒரு கடைக்கு 60 பீஸ் கடனாகக் கொடுத்திருந்தேன். ஆக, நோட்டில் 310 என்று பெருமையாக எழுதினேன்.

பொங்கல் முடிந்த பிறகு அடுத்த லாட்டுக்கு, அதாவது ஒரே முறையில் வெட்டித் தைக்கும் அடுத்த தொகுதிக்கு, துணி எடுக்கலாம் என்று வங்கிக் கணக்கைப் பார்த்தபோதுதான் நிலைமை புரிந்தது. விளம்பரம், கூரியர், மாதாமாதம் கட்டிய சீட்டுப் பணம் எல்லாம் போக ஒரு லட்சத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே இருந்தது. நோட்டுக் கணக்குப்படி ஒவ்வொரு பீஸிலும் லாபம் இருந்தது. அந்த லாபத்தில் பெரும்பகுதி மாடியறையில் அட்டைப்பெட்டிகளாக அடுக்கப்பட்டிருந்தது.

ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் வார ஜவுளிச் சந்தையில், என் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வியாபாரம் செய்கிறார். மீதிச் சரக்கை மொத்தமாக எடுத்துக்கொள்வாரா என்று கேட்கப் போனேன். எத்தனை விற்றது என்று நான் சொல்லத் தொடங்கியதும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வித்தது எத்தனைன்னு நாங் கேக்கல அம்மணி. கெடக்கறது எத்தனை, எந்த சைஸ்ல கெடக்குது, அதச் சொல்லுங்க."

எனக்குப் பதில் தெரியவில்லை. மொத்தம் 290 என்று தெரியுமே தவிர, எந்த அளவில் எத்தனை என்று எண்ணியதே இல்லை.

"போயி எண்ணிட்டு வாங்க. துணி வாழப்பழமாட்டம். கறுக்கறதுக்கு முன்னால கை மாறோணும்."

அன்றிரவு எண்ணினேன். எஸ் அளவில் 112, எம் அளவில் 84, எக்ஸ்எக்ஸ்எல் அளவில் 67; எல், எக்ஸ்எல் இரண்டிலும் சேர்த்து 27 மட்டுமே, அவையும் யாரும் விரும்பாத ஒரே நிறத்தில். அதாவது, எல்லும் எக்ஸ்எல்லும் கேட்டு வந்தவர்களுக்கு அக்டோபரிலேயே "தீர்ந்துவிட்டது" என்று பதில் அனுப்பிக்கொண்டிருந்த அதே நேரத்தில், யாரும் கேட்காத எஸ் அளவு பெட்டி பெட்டியாக இருந்தது. எல்லா அளவிலும் சமமாக ஐந்தைந்து தைத்தது எவ்வளவு பெரிய தவறு என்பதை அந்த எண்கள் காட்டின. விற்பனை எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அது என்றைக்கும் கண்ணில் பட்டிருக்காது. மீதியை எண்ணியதும் ஒரே இரவில் தெரிந்துவிட்டது. 290 பீஸையும் அந்த ஆண்டு ஆடித் தள்ளுபடியில் ஏறக்குறைய அடக்க விலைக்கே விற்று முடித்தேன்.

முதல் பக்கத்தை அடித்துவிட்டு, 2023 சித்திரையில் நான் எழுதிய இலக்கு இதுதான்: வெட்டிய ஒவ்வொரு லாட்டிலும் 56 நாளுக்குள், தள்ளுபடி இல்லாமல், நூற்றுக்கு எழுபது விற்றிருக்க வேண்டும். 56 நாள் என்பது எட்டு வாரம். உள்ளூரில் ஒரு குர்த்தி டிசைன் புதிதாகத் தோன்றும் காலம் அவ்வளவுதான் என்பது என் கணிப்பு. முதல் லாட்டை இந்த அளவுகோலால் திரும்பிப் பார்த்தால், ஏழு வாரத்தில் 600-க்கு 190. நூற்றுக்கு 32-ஐக்கூடத் தொடவில்லை.

இந்த இலக்கை எழுதியவுடனேயே மற்ற முடிவுகள் தாமாக மாறின. எழுபது சதவீதம் விற்க வேண்டும் என்றால் முதலில் வெட்டும் எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும். ஆகவே ஒரு டிசைனுக்கு 24 பீஸ் மட்டும், எம் 5, எல் 8, எக்ஸ்எல் 7, எக்ஸ்எக்ஸ்எல் 4 என்று வெட்டினோம். கட்டிங் மாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. இருபத்து நான்குக்கும் இருநூறுக்கும் மார்க்கர் போடும், அதாவது வெட்ட வேண்டிய பாகங்களைத் துணியில் வரைந்து அமைக்கும், வேலை ஒன்றுதான் என்பதால் கூலி கட்டுப்படியாகாது என்றார். அவர் சொன்னது நியாயமும்கூட. வெட்டும் தையலும் பீஸுக்கு 120-லிருந்து 145 ரூபாய் ஆயிற்று. அந்த 25 ரூபாயை நான் இன்றும் மனமொப்பிக் கொடுக்கிறேன். விற்காத ஒரு குர்த்தி நானூறு ரூபாய்க்கு மேல் முடக்கிப்போடும் என்பதை எண்ணிப் பார்த்தவளுக்கு, அந்தத் தவறிலிருந்து காக்கும் 25 ரூபாய் பெரிய தொகை இல்லை.

முதலில் நான்கு டிசைன், 96 பீஸ். 56-ஆம் நாள் எண்ணியபோது ஒன்று 22, இன்னொன்று 18, மூன்றாவது 15, நான்காவது 6 பீஸ் விற்றிருந்தன. 24-க்கு 17 என்ற எல்லையை இரண்டு தாண்டின. முதல் டிசைனை மேலும் இரண்டு முறை வெட்டினோம். நான்காவதை அத்துடன் நிறுத்தினோம். அது எனக்கு மிகவும் பிடித்த டிசைன். கழுத்தில் சிறு பின்டக் மடிப்பு வைத்து மூன்று முறை மாதிரி தைத்துத் திருத்தியது. முன்பு போல இருந்திருந்தால், விளம்பரம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டு அதையே இன்னும் தைத்திருப்பேன். எண்ணை முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததால் வாதாட இடமில்லை. இலக்கை வைப்பதுடன், அது தவறினால் என்ன செய்வது என்பதையும் அதே வரியில் எழுதி வைக்க வேண்டும் என்பதை அப்போது கற்றேன். விற்பனை நடக்கும் நேரத்தில் மனம் அமைதியாக முடிவெடுக்காது.

ஒரு டிசைன் ஓடும்போது உடனே மறுமுறை தைக்க வேண்டுமே, அதற்கு என்ன வழி என்பது அடுத்த கேள்வி. வெளியூரிலிருந்து வரும் அச்சுத் துணியில் அதே பிரிண்ட், அதே நிறம் மீண்டும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஈரோட்டைச் சுற்றி வீரப்பன்சத்திரம், சித்தோடு பகுதிகளில் விசைத்தறிகள் ஓடுகின்றன. இங்கே நெய்யப்படும், சாயமேற்றாத ரேயான் காடா துணி குஜராத், ராஜஸ்தான் வரை போய் அச்சாகித் திரும்புகிறது. துணி பிறக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, அச்சடித்துத் திரும்பி வரும் துணிக்காக நான் காத்திருந்தேன். ஆகவே பிரிண்டைக் குறைத்து, உள்ளூரில் திரும்பத் திரும்பக் கிடைக்கும் ஒற்றை நிறத் துணியும் கட்டம் போட்ட துணியும் என நான்கு அடிப்படை நிறங்களில் எடுத்து வைத்தேன். தைத்த உடையாக வைக்காமல் துணியாகவே வைத்தேன். துணி துணியாக இருக்கும்வரை அது எந்த அளவுக்கும் எந்த டிசைனுக்கும் ஆகும். வெட்டிவிட்டால் அது எஸ் என்றால் எஸ்தான். இத்தாலியின் பெனட்டன் நிறுவனம், சாயமேற்றாத நூலில் ஸ்வெட்டரைப் பின்னி வைத்துக்கொண்டு, எந்த நிறம் விற்கிறது என்று பார்த்த பிறகு சாயமேற்றிய முறையை ஏற்றுமதி வேலையில் இருந்தபோது பாடமாகப் படித்திருந்தேன். அதே கருத்து என் மாடியறைக்கும் பொருந்தும் என்பது அப்போது தோன்றவில்லை. இதற்கான இலக்கு: ஓடும் டிசைன் தீர்ந்த 15 நாளுக்குள் மீண்டும் அலமாரிக்கு வர வேண்டும். மழைக்காலத்தில் சில முறை தவறியிருக்கிறது, மற்றபடி நடக்கிறது.

திரும்பி வரும் பீஸ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் லாட்டில் நூற்றுக்கு 14 திரும்பி வந்தன. வாங்குபவர்கள் யோசிக்காமல் வாங்குகிறார்கள் என்று சில நாள் வருந்தினேன். பிறகு ஒவ்வொருவரிடமும் காரணம் கேட்டு எழுதியபோது, பதினான்கில் ஒன்பதுக்குக் காரணம் மேல்கை இறுக்கம். நான் பயன்படுத்திய அளவுப் பட்டியல் ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்காகப் பழகியது. அந்தப் பட்டியலில் மார்பளவு எங்கள் பெண்களுக்குச் சரியாக இருந்தாலும் கைச் சுற்றளவு சரியாக இல்லை. தைக்கும் அக்காக்கள் இருவர், என் அத்தை, தெருவில் உள்ள பெண்கள் என்று முப்பது பேரை நாடாவால் அளந்து, கைச் சுற்றளவை ஒரு அங்குலம் கூட்டினேன். பக்கத் தையலிலும் பிரித்துவிட்டுக்கொள்ள ஓர் அங்குலம் விட்டோம். ஆயத்த ஆடையிலும் நம் ஊரில் அதை எதிர்பார்க்கிறார்கள். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் திரும்பக் கூடாது என்று இலக்கு வைத்தேன். இன்று ஆறில் நிற்கிறது. சாயமும் சுருக்கமும் காரணமாகத் திரும்புவதைத் தடுக்க, ஒவ்வொரு துணி லாட்டிலும் ஒரு பீஸைத் தைத்து மூன்று முறை துவைத்துப் பார்க்காமல் மற்றவற்றை வெட்டுவதில்லை.

கோயம்புத்தூர் கடைக்குக் கடனாகக் கொடுத்த அந்த 60 பீஸுக்கு 45 நாளில் பணம் என்று பேச்சு. ஐந்து மாதம் கழித்து, 22 பீஸைத் திருப்பித் தந்துவிட்டு மீதிக்குப் பணம் கொடுத்தார்கள். எழுத்தில் எதுவும் இல்லாததால் வலியுறுத்தவும் முடியவில்லை. அதன் பிறகுதான் சிறு தொழில்களுக்கான அரசின் கட்டணமில்லாத உத்யம் பதிவைச் செய்தேன். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். இப்போது பில்லிலேயே தேதியை எழுதிக் கையொப்பம் வாங்குகிறேன். நோட்டில் எழுதிய இலக்கோ சட்டத்தைவிட எளியது: முதலீட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எந்த நாளிலும் வெளியே கடனாக நிற்கக் கூடாது. ஒரு பெரிய கடை இருநூறு பீஸ் கேட்டபோது இந்த வரி இருந்ததால் மறுக்க முடிந்தது. மறுத்துவிட்டு வருத்தமாகத்தான் இருந்தது.

பதிவு என்றதும் இன்னொன்று. பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்று கேள்விப்பட்டு நானும் முதலில் அசட்டையாக இருந்தேன். வேறு மாநிலத்துக்கு அனுப்பினால் பொதுவாக அந்த வரம்பு பொருந்தாது என்பதைக் கணக்காளர் சொன்ன பிறகே தெரிந்துகொண்டேன். பெங்களூரிலிருந்து ஒரு குர்த்திக்கு ஆர்டர் வந்தாலும் பதிவு வேண்டும். இணையத்தில் விற்க நினைப்பவர்கள் இதை விலை நிர்ணயிப்பதற்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

எல்லாவற்றிலும் நான் தாமதமாக எழுதிய இலக்கு என்னுடைய கூலி. முதல் ஆண்டு முழுவதும் படம் எடுத்தது, பதில் எழுதியது, பேக்கிங் செய்தது, சந்தைக்குப் போனது என்று நாளுக்குப் பத்து மணி நேரம் வேலை செய்துவிட்டு, அடக்க விலையில் எனக்கென்று ஒரு ரூபாயும் சேர்க்கவில்லை. வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களில் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். நம் உழைப்பை நாமே கணக்கில் சேர்க்காதபோது வீட்டாரும் அதை வேலை என்று கருதுவதில்லை. 2023 ஆடியிலிருந்து மாதம் 6,000 ரூபாய், பீஸுக்கு 60 என்று என் கூலியை அடக்க விலையில் சேர்த்தேன். துணி விலை இறங்கியிருந்ததால் அதையும் சேர்த்து அடக்கம் 520-இல் நின்றது. அந்த 60 ரூபாயைச் சேர்த்தால் லாபம் தராத டிசைன்கள் எவை என்பதும் அப்போதுதான் வெளிப்பட்டது.

தைக்கும் அக்காக்கள் இருவருக்கும் தீபாவளிக்கு முன் இரவு பகலாக வேலையும், தை முடிந்தால் வேலையே இல்லாத நிலையும் மாற வேண்டும் என்பது எனக்கு மிக முக்கியமாக இருந்தது. மாதம் இருபது நாள் வேலை, ஆண்டு முழுவதும் என்று எழுதினேன். இருவரும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து குர்த்தி தைத்தால் மாதம் 200 பீஸ். 2023-இல் அதில் பாதிதான் விற்றது. சிறு லாட்டாக வெட்டி ஓடுவதை மறுமுறை தைக்கும் முறை இதற்கும் துணை நின்றது, ஏனெனில் வேலை ஒரே பருவத்தில் குவியாமல் பரவியது. 2025 பங்குனியில் முதன்முறையாக இருபது நாளைத் தொட்டோம். அந்த மாதச் சம்பளத்தைக் கொடுத்தபோது மூத்த அக்கா, "இனி மவளோட ஃபீசுக்குத் தனியா சீட்டுப் போடலாங் கண்ணு" என்றார்.

தீபாவளியைப் பொறுத்தவரை, நாட்களைப் பின்னோக்கி எண்ணி எழுதுகிறேன். 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20 என்று தேதி நகர்ந்துகொண்டே இருப்பதால், ஓர் ஆண்டின் தேதிகளை வைத்து எழுதிய திட்டம் அடுத்த ஆண்டுக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஏறக்குறைய ஆடியில் துணி, ஆவணியில் வெட்டும் தையலும், புரட்டாசி முதல் வாரத்தில் படம், அந்த மாதம் முழுவதும் விற்பனை என்பதே என் வரிசை. தேதியைவிடச் சம்பள நாளைப் பார்க்க வேண்டும் என்பதும் அனுபவத்தில் தெரிந்தது. 2023-இல் மாதத் தொடக்கச் சம்பளத்துக்குப் பிறகு பண்டிகை வந்ததால் கடைசி வாரம் வரை ஆர்டர் வந்தது. மறு ஆண்டு மாதக் கடைசியில் வந்ததால், அக்டோபர் முதல் பத்து நாளில் விற்றதுதான் விற்பனை.

2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி என்று மாறியதால், ஆயிரத்துக்குக் கீழேயே விலை வைக்க வேண்டும் என்ற கட்டு நீங்கியது. 1,450 ரூபாயில் கைத்தறித் துணிக் குர்த்தி ஒன்றை 24 பீஸ் வெட்டிப் பார்த்தேன். 56 நாளில் 13 விற்றது. எல்லையைத் தொடவில்லை, ஆகவே மறுமுறை வெட்டவில்லை. துணி 40 மீட்டர் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

அந்த ஆண்டு ஆடியிலிருந்து தீபாவளி வரை மொத்தம் 520 பீஸ் வெட்டினோம். அக்டோபர் 31 இரவு எண்ணியபோது மீதி 64. எல் 9, எக்ஸ்எல் 11, எம் 26, எக்ஸ்எக்ஸ்எல் 18. எம் அளவு இன்னும் கூடுதலாகவே தேங்குகிறது என்பதால், பொங்கலுக்கு வெட்டக் கொடுத்த இரண்டு டிசைன்களிலும் எம் அளவை ஐந்திலிருந்து நான்காகக் குறைத்து, எல் அளவை ஒன்பதாக்கியிருக்கிறேன். நோட்டின் அந்தப் பக்கத்தில் இப்போதைக்கு "மீதி 48" என்று எழுதி, அதன் எதிரே 56-ஆம் நாளின் தேதியைக் குறித்திருக்கிறேன்.